அமெரிக்க அரசியலமைப்பு உருவானபோது அதன் தலைவர்கள் ஏன் பிரிந்து நின்றார்கள்?

"விடுதலைப் போரில் தோளோடு தோள் நின்ற அமெரிக்கத் தலைவர்கள், நாட்டுக்குப் பொதுவான ஓர் அரசியலமைப்பை எழுதும் கட்டத்தில் ஏன் பிரிந்தார்கள்? ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் என்று இரண்டே அணிகளாகத்தான் இருந்தார்களா?" என்பது கேள்வி.

இரண்டாவது பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இரண்டே அணிகள் என்று சொல்ல முடியாது. 1787இல் எழுதப்பட்ட அந்த ஆவணத்துக்காக மிகக் கடுமையாக உழைத்த இருவர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசனும் நியூயார்க்கின் அலெக்சாண்டர் ஹாமில்டனும். தாம் உண்மையில் விரும்பியது அதில் இல்லை என்று அறிந்தேதான் இருவரும் கையெழுத்திட்டார்கள். எதிர்த்தவர்களுள் பலர், பழைய ஏற்பாடு அப்படியே தொடர முடியாது என்பதை ஒப்புக்கொண்டவர்கள். ஆகவே யார் எந்தப் பக்கம் என்று பட்டியலிடுவதில் பெரிய பயனில்லை. ஒவ்வொருவரும் எதைக் கண்டு அஞ்சினார் என்று கேட்டால்தான் அந்த விவாதம் பிடிபடும்.

முதலில் பழைய ஏற்பாடு. 1781 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி, 13 மாநிலங்களும் தத்தம் இறையாண்மையைக் கைவிடாமல் இணைந்திருந்தன. காங்கிரஸ் என்ற ஒரே அவை. பெரியதோ சிறியதோ, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. போர், உடன்படிக்கை, கடன் போன்ற பெரிய முடிவுகளுக்கு 9 மாநிலங்களின் இசைவு தேவை. விதிகளையே திருத்துவதற்கு 13 மாநிலங்களும் இசைய வேண்டும். வரி விதிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லை. மாநிலங்களிடம் கேட்கலாம், அவை தந்தால் உண்டு. போர்க் கடனை அடைப்பதற்காக இறக்குமதிப் பொருள்கள் மீது 5 விழுக்காடு சுங்கவரி விதிக்க 1781இல் முயன்றபோது, மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் மறுத்தது. அந்த ஒரு மறுப்பே திட்டத்தை வீழ்த்தப் போதுமானதாக இருந்தது. 1783இல் மீண்டும் எடுத்த முயற்சி நியூயார்க்கின் பிடிவாதத்தால் நின்றுபோயிற்று. அமைதி உடன்படிக்கை கையெழுத்தான பிறகும் நயாகரா, டெட்ராய்ட் போன்ற எல்லைக் கோட்டைகளை விட்டு பிரிட்டிஷ் படை வெளியேறவில்லை. அதை வெளியேற்றும் வலிமையும் காங்கிரஸுக்கு இல்லை.

இந்த நிலையில் 1786இல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுள் பலர் விடுதலைப் போரில் போரிட்டவர்கள். வரியையும் கடனையும் நாணயமாகவே செலுத்த வேண்டும் என்ற நெருக்கடியில் நீதிமன்றங்கள் அவர்களது நிலங்களைப் பறித்தபோது, அவர்கள் நீதிமன்றங்களையே கூடவிடாமல் தடுத்தார்கள். முன்னாள் படைத்தலைவரான டேனியல் ஷேஸின் பெயரால் அறியப்படும் அந்தக் கிளர்ச்சியினர், 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற முயன்று சிதறடிக்கப்பட்டார்கள். அவர்களை அடக்கப் படை திரட்டுவதற்கு அரசிடம் பணம் இல்லாமல், பாஸ்டன் வணிகர்கள் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த ஒரே நிகழ்ச்சியை இரண்டு பெரிய மனிதர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதிலேயே பின்னால் வந்த பிளவின் வித்து இருக்கிறது. தம் செல்வாக்கைப் பயன்படுத்திக் கிளர்ச்சியைத் தணிக்கலாமே என்று கேட்ட நண்பருக்கு, செல்வாக்கு என்பது அரசாங்கம் ஆகாது, நம் உயிரையும் உரிமையையும் உடைமையையும் காக்கும் ஓர் அரசாங்கம் வேண்டும் என்று 1786 அக்டோபரில் ஜார்ஜ் வாஷிங்டன் எழுதினார். பாரிஸில் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சனோ, அவ்வப்போது ஒரு சிறு கிளர்ச்சி நல்லதே, இயற்கைக்குப் புயல் எப்படியோ அப்படி அரசியலுக்கு அது தேவை என்று மாடிசனுக்கு எழுதினார். ஜெபர்சன் அத்தனை அமைதியாக எழுத முடிந்ததற்குக் கடலுக்கு அப்பால் இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் கண்ட ஆபத்து பொய்யன்று: கலகத்தைக் கண்டு மிரண்டவர்கள், அந்த மிரட்சியிலேயே மக்களிடமிருந்து கூடுதலான அதிகாரத்தைப் பறித்துக்கொள்வார்கள் என்பதே அவர் கவலை.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும்; பலரும் இதைக் கவனிப்பதில்லை. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் அமெரிக்கப் படகுகள் செல்வதை ஸ்பெயின் 1784இல் தடுத்தது. வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் ஜே, ஸ்பெயினுடன் ஒரு வணிக உடன்பாட்டைப் பெறுவதற்காக, அந்த ஆற்றுரிமையைப் பல ஆண்டுகளுக்கு வலியுறுத்தாமல் இருக்கலாம் என்று 1786இல் காங்கிரஸில் முன்மொழிந்தார். வட மாநிலங்கள் 7 ஆதரித்தன, தென் மாநிலங்கள் 5 எதிர்த்தன. 9 தேவை என்ற பழைய விதிதான் தெற்கைக் காப்பாற்றியது. விடுதலைப் போருக்கு முன்பே "சுதந்திரம் கொடுங்கள், இல்லையேல் மரணம் கொடுங்கள்" என்று முழங்கியவராகப் போற்றப்படும் வர்ஜீனியாவின் பேட்ரிக் ஹென்றிக்கு இது ஆறாத காயமாயிற்று. பில்லடெல்பியா மாநாட்டுக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டும் அவர் செல்லவில்லை. தொலைவில் உள்ள பெரும்பான்மை தன் நலனுக்காக நம் வாழ்வாதாரத்தை விற்றுவிடும் என்று அவர் பின்னர் பேசியதைக் கற்பனை என்று தள்ள முடியாது. அப்படி ஒரு முயற்சியை அவர் கண்ணெதிரே பார்த்திருந்தார்.

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை பில்லடெல்பியாவில் நடந்த மாநாட்டுக்கு 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்தார்கள். ரோட் ஐலண்ட் ஆளனுப்பவே இல்லை. பழைய விதிகளைத் திருத்துவது மட்டுமே நோக்கம் என்று காங்கிரஸ் பிப்ரவரியில் தீர்மானித்திருந்தது. ஆனால் மே 29 அன்று எட்மண்ட் ராண்டால்ஃப் முன்வைத்த வர்ஜீனியாத் திட்டம் திருத்தமாக இல்லை, முற்றிலும் புதிய அரசாங்கமாகவே இருந்தது. அதன் பின்னால் இருந்த சிந்தனை மாடிசனுடையது. பழைய நாடுகளின் கூட்டமைப்புகள் ஏன் சிதைந்தன என்று மாதக்கணக்கில் படித்துவிட்டு வந்திருந்த அந்த 36 வயது மனிதரின் அச்சம் மன்னராட்சியைப் பற்றியதன்று. மாநிலச் சட்டமன்றங்களில் அமரும் பெரும்பான்மையினர், கடன் கொடுத்தவர்களையும் சிறுபான்மை மதத்தவரையும் தம் விருப்பப்படி நசுக்குவார்கள் என்பதே அவரை வாட்டியது. ஆகவே எந்த மாநிலச் சட்டத்தையும் தேசிய அரசு தடுத்து நிறுத்தும் அதிகாரம் வேண்டும் என்று அவர் கேட்டார். மாநாடு மறுத்துவிட்டது. இரு அவைகளிலும் மக்கள்தொகைக்கேற்ற இடங்கள் வேண்டும் என்று கேட்டார். பெரிய மாநிலங்கள் எங்களை நசுக்கப் பார்த்தால் எங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வெளிநாட்டு நண்பர் யாரேனும் கிடைப்பார் என்று டெலவேரின் கன்னிங் பெட்ஃபோர்டு மிரட்டும் அளவுக்குப் பூசல் முற்றியபின், ஜூலை 16 அன்று ஒரே ஒரு மாநிலத்தின் வித்தியாசத்தில், மேலவையான செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் என்ற சமரசம் வென்றது. மாடிசனுக்கு அது தோல்வி. இந்தத் திட்டம் தேசிய நோக்கத்தையும் நிறைவேற்றாது, மாநிலங்களில் நடக்கும் தீங்குகளையும் தடுக்காது என்று செப்டம்பர் தொடக்கத்தில் அவர் ஜெபர்சனுக்கு எழுதினார். அதே மனிதர் சில வாரங்களில் அந்த ஆவணத்தின் தலைசிறந்த வழக்கறிஞராக மாறினார். இதை நான் இரட்டை வேடமாகக் கருதவில்லை. தாம் கேட்டது கிடைக்காதபோதும், கிடைத்ததைக் காப்பாற்றத் தெரிந்திருந்தது அவருக்கு.

ஹாமில்டனின் கனவு வேறு திசையில் இருந்தது. ஜூன் 18 அன்று ஏறக்குறைய முழு நாளும் பேசிய அவர், நன்னடத்தை உள்ளவரை, அதாவது வாழ்நாள் முழுதும், பதவியில் நீடிக்கும் ஆட்சித் தலைவரும் செனட்டர்களும் வேண்டும் என்றார். மாநில ஆளுநர்களைத் தேசிய அரசே அமர்த்த வேண்டும் என்றார். யாரும் அதை வழிமொழியவில்லை. கடைசி நாளில், இந்தத் திட்டத்திலிருந்து தம் கருத்துகளைவிட விலகி நிற்கும் கருத்து வேறு எவருடையதும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அவர் கையெழுத்திட்டார். 81 வயதான பெஞ்சமின் பிராங்க்ளினின் உரையும் ஏறக்குறைய அதே தொனியில் அமைந்தது: இதைவிடச் சிறந்ததை எதிர்பார்க்க முடியாது என்பதாலும், இதுவே சிறந்ததல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதாலும் ஒப்புக்கொள்கிறேன் என்றார் அவர்.

அந்த மாநாட்டின் ஆழமான பிளவு பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்பதில் இல்லை, அடிமை முறை வேரூன்றிய மாநிலங்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையில் இருந்தது என்பதை மாடிசனே அங்கு சுட்டிக்காட்டினார். பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகள் ஐவரை மூவராக எண்ணுவது, அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடை செய்யக்கூடாது, தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற மூன்று ஏற்பாடுகளும் ஆவணத்தில் இடம்பெற்றன. அடிமைகளின் உரிமையாளர் ஒவ்வொருவரும் பிறவியிலேயே ஒரு சிறு கொடுங்கோலர் என்று ஆகஸ்ட் 22 அன்று பேசிய வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசனே பெருந்தொகையான அடிமைகளை வைத்திருந்தவர். 1790 கணக்கெடுப்பில் நாட்டின் 39 லட்சம் மக்களில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். சுதந்திரத்தைப் பற்றி இருதரப்பும் பேசிய அத்தனை சொற்களிலும் அவர்களிடம் கேட்கப்பட்ட சொல் ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லாமல் இந்த விவாதத்தைப் போற்றுவது நேர்மையாகாது.

மேசனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் எதிர்ப்பின் மையமே அவர்தான். 1776இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர்; வாஷிங்டனின் அண்டை வீட்டுக்காரர்; மாநாட்டில் மிக அதிகமாகப் பேசியவர்களுள் ஒருவர். வலுவான தேசிய அரசு தேவை என்று நம்பித்தான் அவர் பில்லடெல்பியாவுக்கு வந்தார். ஆனால் வரைவு வளர வளர அவருடைய ஐயமும் வளர்ந்தது. இப்போதுள்ள வடிவில் இதில் கையெழுத்திடுவதைவிட என் வலக்கையை வெட்டிக்கொள்வேன் என்று ஆகஸ்ட் 31 அன்று சொன்னார். செப்டம்பர் 12 அன்று, முகப்பில் ஓர் உரிமைப் பிரகடனம் சேர்க்கலாம், மாநிலங்களிடம் ஏற்கெனவே இருப்பவற்றைப் பார்த்துச் சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்று கேட்டபோது, ஒரு மாநிலம்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. நான்கு மாத வெயிலில் களைத்திருந்த பிரதிநிதிகள் வீடு திரும்பும் அவசரத்தில் செய்த அந்த முடிவே அவர்கள் இழைத்த மிகப் பெரிய அரசியல் பிழை. இறுதியில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். கடைசிவரை இருந்தும் கையெழுத்திட மறுத்தவர்கள் மூவர்: மேசன், ராண்டால்ஃப், மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெரி. மேசன் தம் எதிர்ப்புகளைப் பட்டியலிட்டு எழுதிய குறிப்பு, உரிமைப் பிரகடனம் இல்லை என்ற வாக்கியத்தோடு தொடங்கியது. வாஷிங்டனுடன் இருந்த நீண்ட நட்பு அதோடு முறிந்தது.

குறைந்தது 9 மாநிலங்களின் மாநாடுகள் ஒப்புதல் தந்தால் அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. எனவே வாதம் செய்தித்தாள்களுக்கும் தெருவுக்கும் வந்தது. ஹாமில்டன், மாடிசன், ஜே மூவரும் பப்ளியஸ் என்ற புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளை இன்றும் உலகெங்கும் படிக்கிறார்கள். எதிர்த்து எழுதியவர்களை அவ்வளவாகப் படிப்பதில்லை. அது நியாயமன்று. நியூயார்க் இதழில் புரூட்டஸ் என்ற புனைபெயரில் எழுதியவர், இத்தனை பரந்த நிலப்பரப்பில் குடியரசு நிலைக்க முடியாது என்றார். மக்களுக்குத் தம் ஆட்சியாளர் யாரென்றே தெரியாது. தெரியாதவரிடம் நம்பிக்கை பிறக்காது. நம்பிக்கை இல்லாத அரசு படையைக் கொண்டே கீழ்ப்படிய வைக்கும். நியூயார்க் மாநாட்டில் மெலங்டன் ஸ்மித் இதையே மண்ணோடு சேர்த்துப் பேசினார்: ஏறக்குறைய 30 லட்சம் மக்களுக்கு முதல் பிரதிநிதிகள் சபையில் 65 பேர் என்றால் செல்வரும் புகழ்பெற்றவரும் மட்டுமே வெல்வார்கள், உழவரின் துன்பம் அறிந்த நடுத்தர மனிதர் அங்கே அமரவே முடியாது.

பரந்த நிலப்பரப்பு பற்றிய அந்த வாதத்துக்கு மாடிசன் 1787 நவம்பர் 22 அன்று வெளியான பத்தாவது கட்டுரையில் கொடுத்த மறுமொழி, அந்த வாதத்தையே தலைகீழாகத் திருப்பியது. சிறிய குடியரசில்தான் ஒரு கும்பல் எளிதில் பெரும்பான்மையாகிப் பிறரை ஒடுக்கும். பரப்பு விரிய விரிய நலன்களும் மதப்பிரிவுகளும் பெருகும். எந்த ஒன்றும் நாடு முழுவதும் பெரும்பான்மையாகத் திரள்வது அரிதாகும் என்றார். மிக ஆழமான வாதம் இது. ஆயினும் ஸ்மித் கேட்ட கேள்விக்கு இது விடையாகாது என்றே கருதுகிறேன். ஒடுக்கும் பெரும்பான்மையைத் தடுக்க மாடிசன் வழி சொன்னார். ஒடுக்கும் மேட்டுக்குடியை யார் தடுப்பது என்பதே ஸ்மித்தின் கேள்வி.

மேசன் கேட்ட உரிமைப் பிரகடனம், அதாவது உரிமைகள் சாசனம் பற்றிய வாதத்தில் ஆதரவாளர்கள் தடுமாறினார்கள். எழுதித் தரப்பட்ட அதிகாரங்களைத் தவிர வேறெதுவும் காங்கிரஸுக்கு இல்லை. பத்திரிகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே தரப்படாதபோது பத்திரிகைச் சுதந்திரத்துக்குத் தனிப் பாதுகாப்பு எதற்கு என்று மாநாட்டுப் பிரதிநிதியான ஜேம்ஸ் வில்சன் 1787 அக்டோபரில் பில்லடெல்பியாவில் பேசினார். கேட்க அறிவார்ந்ததாக இருக்கிறது. ஆனால் பிரபுப் பட்டங்கள் வழங்கக்கூடாது, காரணமின்றிச் சிறை வைத்தவரை நீதிமன்றத்தின்முன் கொண்டுவரும் ஆணையை நிறுத்திவைக்கக்கூடாது என்றெல்லாம் அந்த ஆவணமே சில தடைகளை எழுதியிருந்தது. எழுதப்படாதது எதுவும் அதிகாரமில்லை என்றால் இந்தத் தடைகள் மட்டும் ஏன் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டபோது நேரான விடை வரவில்லை. தேசியச் சட்டமே மாநிலச் சட்டத்துக்கு மேலானது என்றான பிறகு, மாநிலங்களின் உரிமைப் பிரகடனங்கள் காப்பாற்றும் என்ற சமாதானமும் நிற்கவில்லை.

மாசசூசெட்ஸின் சாமுவேல் ஆடம்ஸ், கட்டடத்துள் நுழையும்போதே வாசற்படி தடுக்குகிறது, இறையாண்மை உள்ள மாநிலங்களின் கூட்டமைப்புக்குப் பதிலாகத் தேசிய அரசாங்கம் எதிரே நிற்கிறது என்று 1787 டிசம்பரில் எழுதியிருந்தார். ஆனால் 1788 பிப்ரவரியில், திருத்தங்களைப் பரிந்துரைத்து ஒப்புதலும் தந்துவிடலாம் என்ற வழி பிறந்தபோது அவரும் இணங்க, மாசசூசெட்ஸ் 187க்கு 168 என்ற வாக்குகளில் ஏற்றது. மற்ற மாநிலங்களுக்கும் அதுவே வழியாயிற்று.

பெரும் மோதல் ஜூனில் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் நடந்தது. "மக்களாகிய நாம்" என்று சொல்ல அவர்களுக்கு என்ன உரிமை, "மாநிலங்களாகிய நாம்" என்று ஏன் சொல்லவில்லை என்று ஹென்றி கேட்டார். அதில் முழு வழக்கும் அடங்கியிருந்தது. மேசனும், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மன்றோவும் ஹென்றியோடு நின்றார்கள். கையெழுத்திட மறுத்த ராண்டால்ஃப், எட்டு மாநிலங்கள் ஏற்றுவிட்டன, இனி ஒன்றியமா பிரிவா என்பதே கேள்வி என்று சொல்லி ஆதரவுக்கு மாறினார். ஹென்றி ஜெபர்சனையும் சாட்சிக்கு இழுத்தார்: ஒன்பது மாநிலங்கள் ஏற்கட்டும், மற்ற நான்கு திருத்தம் வரும்வரை மறுக்கட்டும் என்று ஜெபர்சன் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். மாசசூசெட்ஸின் வழியைக் கேள்விப்பட்டபின் ஜெபர்சன் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டிருந்தது ரிச்மண்டில் எவருக்கும் தெரியாது. ஜூன் 25 அன்று 89க்கு 79 என்று வர்ஜீனியா ஏற்றது. நான்கு நாள் முன்பே நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாகிவிட்ட செய்தி அப்போது அங்கு வந்து சேரவில்லை. நியூயார்க் ஜூலையில் 30க்கு 27 என்று ஏற்றது. ஸ்மித்தும் ஏற்று வாக்களித்தார். ரோட் ஐலண்ட் 1790 மே வரை இழுத்தடித்து, இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வந்து சேர்ந்தது.

கடல் கடந்து இருந்த இருவரின் கடிதங்கள் இந்தப் பூசலை மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படக்கூடிய குடியரசுத் தலைவர், வாழ்நாளுக்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் போலந்து மன்னரின் மோசமான பதிப்பு என்று ஜெபர்சன் எழுதியதற்கு, லண்டனில் தூதராக இருந்த ஜான் ஆடம்ஸ், நீங்கள் ஒருவரைக் கண்டு அஞ்சுகிறீர்கள், நான் சிலரைக் கண்டு அஞ்சுகிறேன் என்று மறுமொழி எழுதினார். மாடிசன் பலரைக் கண்டு அஞ்சினார் என்று இதனுடன் சேர்த்துக்கொண்டால், மூவரையும் ஒரே வரியில் நிறுத்திவிடலாம்.

ஜெபர்சன் மாடிசனிடம் விடாமல் கேட்டது உரிமைகள் சாசனத்தை. உலகின் எந்த அரசாங்கத்துக்கு எதிராகவும் மக்களுக்கு உரியது அது என்று 1787 டிசம்பரில் எழுதினார். காகிதச் சுவர்களைப் பெரும்பான்மை எளிதில் தாண்டிவிடும், வர்ஜீனியாவிலேயே அதைக் கண்டிருக்கிறேன் என்று மாடிசன் 1788 அக்டோபரில் பதில் எழுதினார். அது நீதிமன்றத்தின் கையில் தரும் தடுப்பு அதிகாரத்தை மறந்துவிட்டீர்கள் என்றார் ஜெபர்சன். இதற்கிடையில் ஹென்றி தம் செல்வாக்கால் மாடிசனுக்கு செனட் இடம் கிடைக்காமல் செய்தார். பிரதிநிதிகள் சபைக்காக மன்றோவை எதிர்த்துப் போட்டியிட்ட மாடிசன், திருத்தங்களுக்கு வாக்குறுதி அளித்து 336 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 1789 ஜூன் 8 அன்று அவற்றை முன்மொழிந்தபோது, நீதிமன்றங்கள் இந்த உரிமைகளின் காவலர்களாக நிற்கும் என்று ஜெபர்சன் சொன்ன காரணத்தையே சபையில் சொன்னார். மனசாட்சி, பத்திரிகை, ஜூரி விசாரணை ஆகியவற்றில் மாநிலங்களும் கைவைக்கக்கூடாது என்ற, அவர் மிக விரும்பிய திருத்தத்தை மட்டும் செனட் நீக்கிவிட்டது. எஞ்சியவற்றுள் 10 திருத்தங்கள் 1791 டிசம்பர் 15 அன்று சட்டமாயின.

அந்தத் திருத்தங்கள் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய செய்தி 1789 செப்டம்பரில் மேசனை எட்டியது. தமக்கு மிகுந்த மனநிறைவு என்றும், இன்னும் இரண்டு மூன்று திருத்தங்கள் செய்தால் தம் கையையும் நெஞ்சையும் மகிழ்ச்சியோடு இந்தப் புதிய அரசாங்கத்துக்குத் தந்துவிடுவேன் என்றும், வலக்கையை வெட்டிக்கொள்வேன் என்ற அதே மனிதர் ஒரு கடிதத்தில் எழுதினார்.